‘பார்க்கலாம் சார்’ என்றால் என்ன பொருள்?

போன வாரம் மகளோடு என்னைப் பார்க்க வந்த பெற்றோருக்கு இதை எழுதுகிறேன்.

உங்கள் பயம் புரிகிறது. நல்ல மார்க் வாங்கிய பெண் மொழியியல் படிக்கிறேன் என்கிறாள். ‘கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுட்டு இது என்ன படிப்பு’ என்று மாமா தினமும் போன் செய்கிறார். ஆனாலும் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்குப் பிடிக்காத சீட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடனை மாமா கட்டப்போவதில்லை.

அன்று நான், ‘மொழியியலையும் யோசிக்கலாமே’ என்றேன். அப்பா, நீங்கள் மேசையைப் பார்த்தபடி கொஞ்சம் தயங்கி, ‘ம்... பார்க்கலாம் சார்’ என்றீர்கள். மகள் உடனே நோட்டில் ஏதோ எழுதினாள். கேட்டு வாங்கிப் படித்தேன்: ‘தயக்கம். ம். பார்க்கலாம். பொருள்: வேண்டாம். எதிரில் பெரியவர், அதனால் நேரே சொல்லவில்லை.’ அதற்கு முந்தைய பக்கங்களிலும் இதே வேலைதான். யார், யாரிடம், அதற்கு முன் என்ன பேச்சு என்று ஒவ்வொன்றும் குறித்திருந்தாள்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளைச் சூழலோடு சேர்த்து ஆராயவென்றே, மொழியியலில் பிராக்மேட்டிக்ஸ் என்று ஒரு துறை இருக்கிறது. மக்கள் எப்படி மறுக்கிறார்கள், கேட்கிறார்கள், மன்னிப்புக் கோருகிறார்கள் என்று அறிய, ஒரு சூழலை எழுதிக்கொடுத்து ‘நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். 1980களில் மொழியியலாளர் ஷோஷனா பிளம்-குல்காவும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்த முறையில் பல மொழிகளை ஒப்பிட்டார்கள். குறுகிய காலத்தில் நிறையப் பதில் கிடைக்கும். ஆனால் காகிதத்தில் தயக்கம் விழாது. பெவர்லி ஹார்ட்ஃபோர்டும் கேத்லீன் பார்டோவி-ஹார்லிக்கும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு ஆலோசனைச் சந்திப்புகளில் மாணவர்கள் உண்மையில் மறுத்த விதத்தையும் வினாத்தாளில் எழுதிய மறுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்தில் மறுக்கும் வகைகள் குறைந்திருந்தன, எதிரில் இருப்பவரின் மதிப்பைக் காக்கும் பேச்சும் குறைந்திருந்தது, நீண்டு போகும் பேரமோ அறவே இல்லை.

ஆகவே வினாத்தாளை நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. சம்மதம் வாங்கிப் பதிவு செய்த பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மறுப்பு வரும் இடங்களைத் திரட்டி, அவற்றில் அடிக்கடி வரும் சூழல்களை மட்டும் எடுக்க வேண்டும். மேலதிகாரியா நண்பரா, கேட்டது சின்ன உதவியா பெரியதா என்பதைச் சூழலிலேயே சொல்லிவிட வேண்டும். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா என்றால், அந்த விடைகளும் மக்கள் வாயிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். பிறகு சிலரிடம் சோதித்து, ‘இப்படி யாரும் பேசமாட்டாங்க’ என்று அவர்கள் சொல்வதை நீக்க வேண்டும். உங்கள் மகள் இதில் முதல் படியை யாரும் சொல்லித்தராமலே ஏறிவிட்டாள்.

வேலை? மொழித்தேர்வு தயாரிப்பு, பாடநூல், மனிதரோடு உரையாடும் மென்பொருளைச் சோதிப்பது, ஆய்வு. இடங்கள் குறைவு, மறைக்கமாட்டேன். அதனால் புள்ளியியலைக் கூடவே படித்தாக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது. கட்டணம் குறைந்த கல்லூரியே போதும். பதிவு செய்த பேச்சில் தயக்கத்தை அளக்க உதவும் பிராட் (Praat) மென்பொருள் இலவசம், இன்றே பழகத் தொடங்கலாம்.

அடுத்த முறை அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். மாமா வர வேண்டாம்.