ரேஞ்சில் நன்றாகப் படும் பந்து மைதானத்தில் ஏன் சொதப்புகிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 48, வலது கைக்காரர், கோல்ஃப் ஆட ஆரம்பித்து மூன்று வருடம். டிரைவிங் ரேஞ்சில், அதாவது பந்தை அடித்துப் பழகுகிற இடத்தில், 7 அயர்னை (நடுத்தர தூரத்துக்கான உலோகத் தலை கிளப், கிளப் என்பது கோல்ஃப் மட்டை) எடுத்தால் பத்துக்கு ஏழெட்டு பந்து ஒழுங்காகப் போகிறது. மைதானத்துக்கு வந்தால் ஓர் அடி மண்ணைத் தோண்டிக்கொண்டு பாதி தூரத்திலேயே விழுகிறது, அடுத்த அடி பந்தின் தலையில் பட்டு, குழியும் கொடியும் இருக்கிற கிரீனைத் தாண்டி ஓடுகிறது. யூடியூபைப் பார்த்து பேக்ஸ்விங்கை (அடிக்கும் முன் கிளப்பைப் பின்னால் தூக்குவதை) இரண்டு மூன்று விதமாக மாற்றியும் பார்த்துவிட்டாராம். "எதை மாற்றினால் ஒரே மாதிரி அடிக்க வரும்?" என்று கேட்கிறார்.

முதலில் பேக்ஸ்விங்கை விட்டுவிடுங்கள் சார். அது அழகாக இருக்கிறதா, கிளப் மேலே எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதெல்லாம் அப்புறம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், கிளப் மேலே போகும்போது ஒரு வழி, கீழே வரும்போது ஒரு வளையம் சுற்றி வேறொரு வழி. எந்தக் கோச்சும் அப்படிச் சொல்லித்தர மாட்டார். அந்த ஸ்விங்கை வைத்துக்கொண்டுதான் 2003-இல் யுஎஸ் ஓப்பன் ஜெயித்தார், 2016-இல் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 18 குழி ரவுண்டு ஒன்றை 58 அடியில் முடித்தார். மேலே என்ன நடந்தாலும் பந்தைத் தொடுகிற இடத்துக்கு வரும்போது அவர் கிளப் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்கும். உங்களுக்குத் தேவை அது மட்டும்தான்.

ரேஞ்ச் விஷயத்துக்கு வருவோம். அங்கே நீங்கள் செயற்கைப் புல் மேட் மேல் வைத்துத்தான் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், நம் ஊரில் பெரும்பாலும் அதுதான். அந்த மேட் பொய் சொல்லும். பந்துக்கு நாலைந்து செ.மீ. பின்னாலேயே கிளப் கீழே பட்டாலும், அடியில் இருக்கிற கெட்டித் தரை அதை உள்ளே விடாது, கிளப் வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தைத் தொட்டுவிடும். சத்தம் கொஞ்சம் மந்தமாக வரும், சில கஜம் குறையும், அவ்வளவுதான், நீங்கள் அதையும் நல்ல அடி என்று கணக்கில் சேர்த்துக்கொள்வீர்கள். அதே அடியைப் புல்லில் அடித்தால் கிளப் மண்ணுக்குள் இறங்கிச் செத்துவிடும், மழை பெய்து தரை ஊறியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, மைதானத்துக்கு வந்ததும் உங்கள் ஸ்விங் கெட்டுப்போய்விடவில்லை. ரேஞ்சிலும் அது இப்படித்தான் இருந்தது, மேட் அதை மறைத்துவிட்டது.

ஸ்விங்கில் கிளப் தலை ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தின் அடிப்புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில். தரையில் கிடக்கிற பந்தை அயர்னால் அடிக்கும்போது, கிளப் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கையிலேயே பந்து மாட்ட வேண்டும், தரை அதற்கு அப்புறம். பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் 7 அயர்னில் சராசரியாக 4 டிகிரி இறங்குமுகத்தில் பந்தைச் சந்திக்கிறார்கள். அவர்கள் வட்டத்தின் அடிப்புள்ளி பந்திலிருந்து கொடிப் பக்கமாக ஏறக்குறைய 10 செ.மீ. தள்ளி விழும். டிவியில் ஸ்லோமோஷனில் கவனியுங்கள், பிய்ந்து பறக்கிற புல்துண்டு பந்து இருந்த இடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பும்.

உங்களுக்கு அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. மண்ணைத் தோண்டுவதும் தலையில் தட்டுவதும் எதிரெதிர்த் தவறுகள் என்று நினைத்துப் பலர் ஒன்றுக்கு ஒரு மருந்து, இன்னொன்றுக்கு வேறு மருந்து தேடுகிறார்கள், ஆனால் இரண்டும் ஒரே நோய். அடிப்புள்ளி பின்னால் இருக்கும்போது கிளப் கொஞ்சம் தாழ்வாக வந்தால் மண், கொஞ்சம் உயரமாக வந்தால் தரையைத் தொடாமல் மேலே ஏறிக்கொண்டே பந்தின் வயிற்றிலோ தலையிலோ படும். பந்தின் விட்டமே 4.27 செ.மீ.தான், கிளப்பின் முன்விளிம்பு அதில் பாதி உயரத்தில் பட்டாலே டாப், அதாவது தலையில் தட்டு. அதாவது மண்ணுக்கும் டாப்புக்கும் நடுவே உங்களுக்குக் கிடைக்கும் இடம் ஒரு விரற்கடை. இதில் இன்னொரு வம்பு, ஒருமுறை மண்ணைத் தோண்டினால் அடுத்த அடியில் உடம்பு தானாகவே கையை மேலே இழுத்துக்கொள்ளும், அதனால்தான் உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வருகின்றன. கிளப் கீழே இறங்க ஆகும் நேரம் கால் விநாடி போல, பந்து கிளப்பின் முகத்தோடு (பந்தை அடிக்கிற தட்டைப் பரப்போடு) ஒட்டியிருப்பது விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நடுவில் யோசித்துத் திருத்துவது நடக்காத காரியம், வட்டத்தையே முன்னால் தள்ளி வைத்தால்தான் உண்டு.

முதலில் நான் சொல்வது சரியா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். பயிற்சி பங்கருக்கு (மணல் குழிக்கு) போய் கிளப்பின் பிடியால் மணலில் ஒரு நேர்க்கோடு இழுங்கள், உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே, பந்தை வைக்கிற இடத்தில் அது வரட்டும். பந்து வேண்டாம். 7 அயர்னால் ஸ்விங் செய்துவிட்டு மணல் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெட்டு கோட்டிலேயே தொடங்கி கொடிப் பக்கம் போயிருந்தால் நல்லது, கோட்டுக்குப் பின்னால் தொடங்கியிருந்தால் நான் சொன்னதுதான். கோட்டை நீளமாக இழுத்துக்கொண்டால் அதன் மேலேயே அடி அடியாக நகர்ந்து பத்துப் பதினைந்து ஸ்விங் போடலாம், வெட்டுகள் வரிசையாகக் கண் முன்னால் இருக்கும். முடித்ததும் மணலை வாரிச் சமப்படுத்திவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் மைதானத்துக்காரர்களிடம் திட்டு விழும்.

வெட்டு ஏன் பின்னால் விழுகிறது? ஊஞ்சல் கட்டின கொம்பை ஒரு முழம் தள்ளிப் போட்டால் ஊஞ்சலின் அடிப்புள்ளியும் அதே ஒரு முழம் தள்ளிப்போகும் இல்லையா, இங்கே கொம்பு உங்கள் மார்பும் இடது தோளும். பந்தைத் தொடும் நேரத்தில் அவை வலப்பக்கமே தங்கிவிட்டால் வட்டமும் அங்கேயே தங்கிவிடும். வலது கைக்காரருக்கு அந்த நேரத்தில் உடல் எடையின் பெரும்பகுதி இடது காலில் இருக்க வேண்டும், புதிதாக ஆடுகிறவர்களில் பலருக்கு அது வலது காலிலேயே நிற்கும். காரணம் சோம்பல் இல்லை, ஆசை. பந்தை மேலே தூக்க வேண்டும் என்று உடம்பு நினைக்கிறது, அதனால் பின்னால் சாய்ந்து, மணிக்கட்டை மடக்கி, கரண்டியால் அள்ளுவது போல அள்ளப் பார்க்கிறது. 7 அயர்னின் முகம் 30 டிகிரி சுமாருக்கு ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது, தூக்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் கீழ்நோக்கி அடித்தால்தான் பந்து மேலே போகும், இதை நம்பவே சிலருக்கு ஒரு வருடம் ஆகிறது.

எடைக்கு ஒரு பயிற்சி. வலது காலை ஒரு அடி பின்னால் இழுத்து, அதன் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும்படி நில்லுங்கள், எடை கிட்டத்தட்ட முழுவதும் இடது காலில் இருக்கும். இப்படியே கையை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கி அரை ஸ்விங் அடியுங்கள். தூரம் போகாது, வேண்டாம். சத்தத்தைக் கேளுங்கள், பந்தும் அப்புறம் தரையும் என்று இரண்டும் ஒட்டி வருகிற அந்தக் கெட்டியான சத்தம் கேட்கும். சாதாரண ஸ்விங்குக்குத் திரும்பினதும், முடித்து நிற்கும்போது வலது காலைத் தரையிலிருந்து தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் எடை இன்னும் வந்து சேரவில்லை.

மணிக்கட்டு அள்ளுவதற்குத் துண்டுதான் மருந்து. ஒரு கைத்துண்டை மடித்து பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டுவிட்டு, அதைத் தொடாமல் பந்தை அடியுங்கள். மேட் மேலேயே இதைச் செய்யலாம், மேட் மறைக்கிறதைத் துண்டு காட்டிக்கொடுத்துவிடும். பழகப் பழக துண்டைப் பந்துக்கு நெருக்கிக்கொண்டே வாருங்கள். கூடவே தாழ்வாக அடித்துப் பழகுங்கள், தலை உயரத்துக்கு மேல் பந்து ஏறக் கூடாது என்று வைத்துக்கொண்டு 8 அயர்னால் அடித்தால், பந்தைத் தொடும்போது கை கிளப் தலைக்கு முன்னால் இருந்தே தீர வேண்டும். அள்ளிக்கொண்டே தாழ்வான அடி அடிக்க முடியாது.

பேக்ஸ்விங்கில் பக்கவாட்டில் நகர்கிறீர்களா என்பதற்குக் காலை வெயில் போதும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, உங்கள் தலையின் நிழல் பந்தின் மேல் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக பேக்ஸ்விங் எடுங்கள். நிழல் இரண்டு மூன்று செ.மீ. அசைந்தால் கவலையில்லை, ஒரு சாண் வலப்பக்கம் ஓடிவிட்டால் கால் விநாடிக்குள் அதை மீட்டுக்கொண்டு வர வேண்டும், ஒருமுறை வரும், ஒருமுறை வராது. இடுப்பு நகரக் கூடாது, திரும்ப வேண்டும்.

பந்தை எங்கே வைக்கிறோம் என்பதில் சொல்ல அதிகமில்லை. 7 அயர்னுக்குக் கால்களின் நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இடப்பக்கம், டிரைவருக்கு (அதிக தூரம் அடிக்கிற நீளமான கிளப்புக்கு) மட்டும் இடது குதிகாலுக்கு நேர் உள்ளே. டிரைவரில் பந்து டீ என்கிற சின்ன முளையின் மேல் நிற்கிறது, அங்கே இறங்குமுகம் தேவையில்லை, அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்தாலும் பரவாயில்லை. ஒன்றில் பழகினதை மற்றதற்கு அப்படியே கொண்டுபோனால் இரண்டும் கெடும்.

கிளப் முகத்தில் பந்து எங்கே படுகிறது என்பது அடுத்த விஷயம். அலுவலகத்தில் வெள்ளைப் பலகைக்கு வைத்திருப்பார்களே, அந்த மார்க்கரால் பந்தின் பின்பக்கம் தடிமனாக ஒரு புள்ளி வைத்து அடியுங்கள், முகத்தில் அச்சு விழும். ஒன்றிரண்டை வைத்து முடிவுக்கு வராமல் ஒரு பத்து அடிக்கு அச்சைப் பாருங்கள். குதிப் பக்கமாகவே (முகத்தில் கம்பு சேருகிற பக்கமாகவே) கூடினால் பெரும்பாலும் கீழே இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வந்து உடம்பு நிமிர்ந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து 48 வயதில் இடுப்பு இறுகிப்போனவர்களுக்கு இது சகஜம். சுவரில் பின்பக்கம் லேசாகப் படும்படி நின்று, பந்தில்லாமல், ஸ்விங் முழுக்க ஏதாவது ஒரு பக்கப் பின்புறம் சுவரை விடாமல் பழகுங்கள், மேலே போகும்போது வலது, கீழே வரும்போது இடது. கிளப் சுவரில் இடிக்காமல் கையை மார்போடு கட்டிக்கொண்டே செய்தால் போதும்.

கிரிப்பையும், அதாவது கைப்பிடி ரப்பரையும், ஒருமுறை பாருங்கள். நம் வெயிலில், வியர்வையில் ரப்பர் சீக்கிரம் பளபளத்து வழுக்க ஆரம்பித்துவிடும், கிளப் கையைவிட்டுப் போய்விடுமோ என்று நாம் இறுக்கிப் பிடிப்போம், முன்கை இறுகினால் கை சுருங்கும், வட்டம் மேலே ஏறும், பந்தின் தலையில் ஒரு தட்டு. புது கிரிப் போடுவது புது 7 அயர்ன் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. கிளப்பை உங்கள் உயரத்துக்கு ஏற்ப அளந்து மாற்றுகிற யோசனை இருந்தால் அடிப்புள்ளி ஒரு நிலைக்கு வந்த பிறகு செய்யுங்கள், அள்ளுகிற ஸ்விங்குக்கு அளவெடுத்துச் செய்த கிளப், ஸ்விங் சரியானதும் பொருந்தாது.

கோவைக்காரர் என்பதால் ஊட்டிக்கும் வெலிங்டனுக்கும் ஆடப் போவீர்கள், அங்கே சரிவு இருக்கிறது. பந்து இறக்கத்தில் கிடந்தால் தரையே பின்னால் மேடாக இருப்பதால் கிளப் சீக்கிரமே மண்ணில் படும். பந்தை ஒரு பந்து அகலம் பின்னால் வைத்து, தோளை சரிவுக்கு இணையாகச் சாய்த்து, எடையைக் கீழ்க்காலில் போட்டு, சரிவைத் தொடர்ந்தே கிளப்பை விடுங்கள். கட்டாயம் தாழ்வாகப் போகும், தூக்கப் பார்க்காதீர்கள். அந்த உயரத்தில் காற்று லேசு, அதே அடி கோவையைவிடக் கூடவே பறக்கும், அங்கே 7 அயர்ன் போன தூரத்தை வைத்து ஸ்விங் தேறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ரேஞ்சில் பந்து வாளி காலியாகும்வரை ஒரே கிளப்பால் சடசடவென்று அடிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஒத்திகை ஸ்விங், அப்புறம் ஒரு பந்து, ஒவ்வொரு முறையும் குறியை மாற்றுங்கள். வாரம் இரண்டு நாள் இப்படிச் செய்து ஒரு மாதம் கழித்து மறுபடி மணலில் கோடு போட்டுப் பாருங்கள். அப்போதும் வெட்டு பின்னாலேயே விழுந்தால் ஃபோனை ஸ்லோமோஷனில் வைத்து, உங்கள் மார்புக்கு நேர் எதிரே, கை உயரத்தில், பந்துக்கு நேராக நிறுத்தி நாலைந்து அடிகளைப் படம் எடுங்கள். பந்தைத் தொடுகிற நொடியில் நிறுத்தி, கை கிளப் தலைக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, வலது குதிகால் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீடியோவோடு ஒரு கோச்சிடம் போனால் முதல் அரை மணி நேரத்தை அவர் தேடுவதில் வீணடிக்க வேண்டியிருக்காது.