சொந்த விமானத்தில் கோவையிலிருந்து சென்னைக்குப் போய்வர முடியுமா?

கேள்வி: கோவையில் பம்புசெட் தொழிற்சாலை நடத்துகிறேன். மாதம் நான்கைந்து முறை சென்னை செல்ல வேண்டியிருக்கிறது. நான்கு இருக்கை விமானம் ஒன்றை வாங்கி நானே ஓட்டிச் சென்று, அன்று மாலையே திரும்ப முடியுமா? நம் நாட்டில் இது ஏன் பரவவில்லை?

பதில்: வாங்கலாம், ஓட்டலாம்; சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ‘அன்று மாலையே’ என்கிறீர்களே, அதுதான் சிக்கல்.

தரையையும் அடிவானத்தையும் கண்ணால் பார்த்து ஓட்டும் முறைக்கு விஎஃப்ஆர் என்று பெயர். புதிதாக உரிமம் பெற்றவர் இப்படித்தான் பறக்க முடியும். பொழுது சாய்ந்தபின் இந்த முறையில் ஊர்விட்டு ஊர் பறக்க இந்தியாவில் அனுமதியில்லை. நான்கு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172 மணிக்குச் சுமார் 220 கி.மீ. வேகத்தில் செல்லும், சென்னைக்கு இரண்டு மணி நேரம். டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அப்படியானால் திரும்பி வர, பிற்பகல் மூன்று மணிக்கே நீங்கள் சென்னை ஓடுபாதையில் நிற்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் தாழ்ந்துவிட்டால் அன்றைய பயணமே கிடையாது. கருவிகளைக் கொண்டு பறக்கத் தனித் தகுதி பெறலாம். ஆனால் இடிமேகத்துக்குள் இச்சிறு விமானத்தை எந்தத் தகுதியும் காப்பாற்றாது.

நான்கு இருக்கை என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். செஸ்னா 172இன் சுமைத்திறன் ஏறத்தாழ 400 கிலோ. டேங்க் நிறைய எரிபொருளே 145 கிலோ போய்விடும். மீதியில் 80 கிலோ எடையுள்ள மூவர் ஏறினால், ஒரு கைப்பைக்குத்தான் இடம் இருக்கும்.

ஒவ்வொரு முறையும் பயணத் திட்டம் தாக்கல் செய்து, வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற்ற பிறகே புறப்பட முடியும். அருகிலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. குறித்த நேரத்தில் கிளம்புவது உங்கள் கையில் மட்டும் இல்லை.

செலவில் விலையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டு விமானத்துக்கு 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆண்டுதோறும் பறப்புத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். நிறுத்த ஹேங்கர், உரிமம் பெற்ற பொறியாளர், காப்பீடு எல்லாம் வேண்டும். 2,000 மணி நேரத்தில் இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சீரமைக்க வேண்டும். இத்தகைய சிறு விமானங்களுக்கான ஏவ்காஸ் என்ற பெட்ரோலை இந்தியன் ஆயில் 2022இல் வடோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. எனினும் எல்லா விமான நிலையங்களிலும் அது கிடைப்பதில்லை. நண்பர்களிடம் பயணக் கட்டணம் வாங்கி ஈடுகட்டவும் வழியில்லை. தனியார் விமானி உரிமத்தில் அது குற்றம்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது இன்னொன்று. கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற அவசரத்தோடு விமானி இருக்கையில் அமர்பவர், வானிலை சரியில்லை என்று தெரிந்தும் கிளம்பிவிடுகிறார். தொழில் பயணத்துக்கு விமான டிக்கெட்டோ ரயிலோ போதும். பறப்பதைப் பறக்கும் ஆசைக்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது, 40 மணி நேரப் பறப்பு, தேர்வுகள், மருத்துவத் தகுதி: இவை போதும், உரிமம் கிடைக்கும். பயிற்சிப் பள்ளியில் கட்டணம் கட்டும் முன் விமானிகளுக்கான ‘கிளாஸ் 2’ மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதில் தேறாமல், கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.