வீட்டில் அமாக்சிசிலின் இருக்க, டாக்ஸிசைக்ளின் எதற்கு?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர். நான்கு நாள் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்துவிட்டு, டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு என 7 நாளைக்கு எழுதித் தந்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ஆனால் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார். மகனின் தொண்டைப் புண்ணுக்கு வாங்கிய அமாக்சிசிலின் பாதி அட்டை மீதி இருக்கிறது. இரண்டும் ஆன்டிபயாடிக்தானே, மாற்றிக் கொடுக்கலாமா?

பதில்: மாற்றாதீர்கள். இரண்டும் ஆன்டிபயாடிக்தான். ஆனால் கிருமியின் உடம்பில் இரண்டும் பிடிக்கிற இடம் வேறு.

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். அதன் உள்ளே உப்பும் மற்ற சத்துகளும் செறிவாக இருப்பதால், வெளியிலிருக்கும் தண்ணீர் எப்போதும் உள்ளே புகப் பார்க்கும். வெடித்துவிடாமல் காப்பது அதைச் சுற்றியுள்ள செல்சுவர். குளச்சல் கடற்கரையில் காயப்போட்டிருக்கும் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மூலக்கூறுகளாலான நீள இழைகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் முடிச்சுகள். கிருமி வளரும்போது பழைய முடிச்சை அறுத்து அறுத்துப் புது முடிச்சு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடிச்சு போடும் நொதியைத்தான் அமாக்சிசிலின் முடக்குகிறது. அறுப்பது நடக்கிறது, கட்டுவது நின்றுபோகிறது. வலை இற்றுப்போய், தண்ணீர் புகுந்து கிருமி வெடிக்கிறது. நம் செல்களுக்கு இந்தச் சுவரே கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். அதனால் மருந்து நம் செல்களை விட்டுவிடுகிறது.

டாக்ஸிசைக்ளின் சுவரைத் தொடுவதில்லை. செல்லுக்குள் போய், புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய பாகத்தில் உட்கார்ந்துகொள்கிறது. புரதத்துக்கான கச்சாப்பொருள் வந்து சேர முடியாமல் வேலை நின்றுவிடுகிறது. நமக்கும் ரைபோசோம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு, பாக்டீரியா ரைபோசோமின் அந்தச் சிறிய பாகத்தின் அமைப்பை 2000-ல் வெளியிட்டது. இந்த மருந்தின் குடும்பமான டெட்ராசைக்ளின் அதில் எங்கே உட்காருகிறது என்பதையும் காட்டியது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் மற்ற இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் எனக்கு இன்றும் தனி மகிழ்ச்சி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எலிக்காய்ச்சல் கிருமியை அமாக்சிசிலினும் ஓரளவு அடக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தில் புல்லுக்குள் நிற்கும் ஒருவருக்கு இப்படிக் காய்ச்சல் வந்தால், சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸாகவும் இருக்கலாம். முதல் சில நாளில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ஸ்க்ரப் டைபஸ் கிருமியின் சுவர் பெயருக்குத்தான் இருக்கிறது, போதாததற்கு அது நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழும். அமாக்சிசிலின் அங்கே எடுபடாது. டாக்ஸிசைக்ளின் இரண்டுக்கும் கேட்கும். உங்கள் மருத்துவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

காய்ச்சல் விட்டதும் நிறுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை, பெருகாமல் நிறுத்திவைக்கிறது. மிச்சத்தை முடிப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. அதற்கு அவகாசம் வேண்டும், 7 நாளும் கொடுங்கள்.

வயிற்றுப் புரட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கட்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். பால் சாயா, இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அவற்றிலுள்ள கால்சியமும் உலோகங்களும் மருந்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாது. வெயில் பட்டால் தோல் எரியலாம், முழுக்கைச் சட்டை நல்லது. அப்படியும் வாந்தி நிற்கவில்லையென்றால் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள், அஜித்ரோமைசின் போல வேறொன்றை அவர் யோசிப்பார்.

கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

அப்புறம், அந்தப் பாதி அட்டை. மகனுக்குச் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தும் மீந்ததா, இடையில் நிறுத்தியதா? நிறுத்தியதென்றால் அவனைப் பார்த்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் திரும்ப வேலைக்குப் போகும்போது காலில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருந்தால் கட்டுப் போட்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கட்டும். எலியின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீரிலிருந்து கிருமி உள்ளே புகுவது பெரும்பாலும் அந்தக் காயங்கள் வழியாகத்தான்.