பாட்டியின் பணம் பேரன் பெயரில் வேண்டாம்

கேள்வி: அட்லாண்டாவில் என்னோடு வேலை பார்க்கும் கறுப்பினத் தோழியின் மகனுக்கு ஆட்டிசம். வயது 17. அடுத்த ஆண்டு உயர்நிலைப்பள்ளி முடிகிறது. பாட்டி அவன் பெயரில் வங்கியில் 6,000 டாலர் போட்டிருக்கிறார். தன் ஆயுள் காப்பீட்டுப் பணமும் அவனுக்கே என்று எழுதியிருக்கிறார். ஊரில் குடும்ப நிலமும் உண்டு. எப்படித் திட்டமிடுவது?

பதில்: பாட்டியின் மனசு பெரியது. ஆனால் இப்போது எழுதியிருக்கும் விதத்தில் அந்தப் பணமே பேரனுக்கு இடைஞ்சலாகிவிடும்.

18 வயதானதும் பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமலே அவனுக்கு எஸ்.எஸ்.ஐ. (வருமானமும் சொத்தும் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் பணம்) உதவித்தொகை கேட்கலாம். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் அது கிடைத்தால் மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடும் கூடவே வரும். ஆனால் எஸ்.எஸ்.ஐ. வாங்க அவன் பெயரில் 2,000 டாலருக்கு மேல் பணமோ சொத்தோ இருக்கக்கூடாது. 1989 முதல் இந்த வரம்பு அப்படியே நிற்கிறது. எத்தனை குடும்பங்களை இது வாட்டுகிறது என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

சரி, அந்த 6,000 டாலரை அவன் பெயரில் ஓர் ஏபிள் கணக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள சேமிப்புக் கணக்கு) தொடங்கி மாற்றிவிடுங்கள். அதில் 1,00,000 டாலர் வரை இருந்தாலும் எஸ்.எஸ்.ஐ. பாதிக்காது. காப்பீட்டுப் பணம் நேரே அவனுக்குப் போகாமல், குடும்பம் ஏற்படுத்தும் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்டுக்குப் (பணம் அவன் பெயரில் இல்லாமல், அவனுக்காக வேறொருவர் நிர்வகிக்கும் அறக்கட்டளை) போகும்படி பாட்டி மாற்றி எழுதட்டும். டிரஸ்டுக்கு வக்கீல் செலவு ஆகும். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நிலத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தெற்கு மாநிலங்களில் பல கறுப்பினக் குடும்பங்களின் நிலம் உயில் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. பங்காளிகளில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனாலும் மொத்த நிலமும் விலைக்குப் போகலாம். ஜார்ஜியா 2012-இல் கொண்டுவந்த சட்டம், கோர்ட்டுக்குப் போனவரின் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தருகிறது. ஆனாலும் உயில்தான் நல்ல காப்பு. பாட்டி மட்டுமல்ல, தோழியும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளை அவர் பங்கு நேரே மகன் பெயருக்கு வந்து, மறுபடி அந்த 2,000 டாலர் வரம்பில் இடிக்கும்.

அப்புறம், பள்ளி. வழக்கமான டிப்ளமோவை (உயர்நிலைப்பள்ளி முடித்த சான்றிதழ்) வாங்கிக்கொண்டால் சிறப்புக் கல்வி உரிமை அன்றோடு முடிந்துவிடும். வாங்காவிட்டால் 22 வயது வரை வேலைப் பயிற்சியும் மற்ற உதவிகளும் பள்ளி வழியாகவே கேட்கலாம். அவனுக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பள்ளியும் பெற்றோரும் பேசி முடிவுசெய்யும் அடுத்த ஐ.இ.பி. கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பேசித் தீர்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் வீட்டிலும் சமூகத்திலும் இருந்தபடியே பராமரிப்பு உதவி பெறும் மெடிகெய்டு வேவர் திட்டங்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் உண்டு. மகன் பெயரை இந்த வாரமே பதிந்துவிடட்டும்.