தீர்ப்பு இருக்கிறது, வழக்கைக் காணோம்

கேள்வி: ஆறு வருடமாகத் தினமும் ராத்திரி டைரி எழுதுகிறேன். அன்றைக்கு நடந்ததை அலசி, நான் எங்கே தவறினேன் என்று பார்ப்பது வழக்கம். திருந்தத்தான் ஆரம்பித்தேன். இப்போது பழைய பக்கங்களைப் புரட்டினால், நான் ஒரு கோழை என்பது மட்டும்தான் தெரிகிறது. நிறுத்திவிடலாமா மேடம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் ஒன்று பாருங்கள். 'கோழை' என்று எழுதிய பக்கத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் இருக்கிறதா? இருக்காது என்று பந்தயமே கட்டுவேன்.

நானும் உங்கள் கட்சிதான். என் பழைய நோட்டு ஒன்றில் ஒரே மாதத்தில் ஒன்பது இடத்தில் 'சோம்பேறி' என்று எழுதியிருந்தேன். ஒரு பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைதான், அடியில் இரண்டு கோடு வேறு. தங்கையிடம் காட்டினேன். தேதியைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "எனக்கு டைபாய்டு வந்த வாரம்க்கா இது. ராத்திரி பூரா என் பக்கத்துல முழிச்சிருந்துட்டு மதியம் வரைக்கும் தூங்கினே. அதுக்கா இந்தப் பட்டம்?" முழித்திருந்ததை நான் எழுதவே இல்லை. ஆனால் நான் சோம்பேறி என்பதைப் பல வருடம் நம்பியிருந்தேன்.

2002இல் ஆந்தனி கிராண்ட் என்ற உளவியலாளரும் சகாக்களும், தன்னை ஆராய்வதையும் தன்னைப் புரிந்துகொள்வதையும் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். டைரி எழுதுகிறவர்களுக்கு முதலாவதில் மதிப்பெண் அதிகம். இரண்டாவதில் எழுதாதவர்களைவிடக் குறைவு! (குழம்பியவர்கள்தான் டைரியைத் தேடிப் போகிறார்களோ என்னவோ.)

'நான் ஏன் இப்படி?' என்ற கேள்வியையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய ஒரு சோதனை இது: ஒரே மாதிரியான நான்கு ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்து, எது நல்லது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததற்கே மவுசு. காரணம் கேட்டபோது, அது இருந்த இடத்தைத் தானாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. 'ஏன்' என்று கேட்டால் மனசு எதையாவது எடுத்து நீட்டிவிடும். உங்கள் மனசு 'கோழை'யைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்கிறது.

இன்றைக்கு எழுதும்போது யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். "பேச வாயெடுத்தேன், அதற்குள் பக்கத்தில் இருந்தவர் பேசிவிட்டார்" என்பதும் "நான் கோழை" என்பதும் ஒன்றா?

பழைய பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். கூட இருந்தவர் யாரிடமாவது ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் தேதியை மட்டும் சொல்லி, "அன்னைக்கு நான் என்ன பண்ணேன், ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள்.