அமெரிக்காவிலேயே செய்த ஓவர்-அண்டர் ஷாட்கன் (ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள, சிதறுகுண்டு சுடும் துப்பாக்கி) வேட்டைக்கு ஒத்துவருமா?

முதலில், அமெரிக்கப் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிரௌனிங் நிறுவனத்தின் சிட்டோரி ஜப்பானின் மிரோகு தொழிற்சாலையில் செய்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த பழைய சூப்பர்போஸ்ட்கூட பெல்ஜியத் தயாரிப்புதான்.

அசல் அமெரிக்கத் தயாரிப்பில் பலர் கைக்கு எட்டியது ரூகர் நிறுவனத்தின் ரெட் லேபிள். 1977-இல் 20 கேஜில் வந்தது, 12 கேஜ் அப்புறம் (கேஜ் என்பது குழலின் உள்ளளவு; எண் கூடினால் குழல் சிறிது). வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது: உறுதிக்குக் குறையில்லை, ஆனால் கனம். 12 கேஜ் ஏறக்குறைய மூன்றரை கிலோ. வாத்துக்காக மறைவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கனம் நல்லதுதான், உதை குறையும். ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவையைத் தேடி நாளெல்லாம் வயலில் நடப்பவருக்கோ கை ஓய்ந்துவிடும். அவர்களுக்கு 20 அல்லது 28 கேஜ் போதும் என்பேன்.

இன்னொரு புலம்பல், சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு. துப்பாக்கியைத் திறக்கும்போதெல்லாம் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். பழகாதவர், பறவை எழும்பும் நேரத்தில் டிரிக்கரை வெறுமனே இழுத்துக்கொண்டிருப்பார்!

2011-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2013-இல் மீண்டும் தொடங்கியதும் நீடிக்கவில்லை. ஆகவே பழையதைத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது, எஃகு போன்ற வேறு குண்டுதான். ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் சோக்கை, அதாவது குண்டுகளின் சிதறலைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கத்தை, கழற்றி மாற்ற முடியாது. அதனால் அவற்றில் கடினமான எஃகுக் குண்டு போடலாமா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.