அகலமான மரக்கேட் தொய்ந்து தரையில் உரசுகிறது. அடியைச் சீவிவிடலாமா?

மார்த்தாண்டம் பக்கம், அயினி மரத்தில் 10 அடி அகலம், 4 அடி உயரமுள்ள ஒற்றைக் கேட், வெட்டுக்கல் (செம்பாறாங்கல்) தூண், மழை தொடங்கியதும் நுனி (கீல் இல்லாத பக்கம்) தரையில் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சீவாதீர்கள். அடிச்சட்டத்தின் பலம்தான் குறையும். தொய்வு நிற்காது, அடுத்த இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) மறுபடி உரசும்.

முதலில் தூணுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். தூண் நேராக இருந்தால் கேட்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். உங்கள் அளவுக் கேட்டில் சட்டம் கோணி நுனி 2 அங்குலம் இறங்கியிருந்தால், ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் நீண்டிருக்கும். இரண்டும் சமமாக இருந்தும் நுனி தாழ்ந்திருந்தால் கோளாறு கீலில்.

வெட்டுக்கல் தூணில் கீல்தான் அடிக்கடி கைவிடும். கேட் 80 கிலோ, கீல்களுக்கு இடையே 2 அடி என்றால், மேல்கீலை வெளியே இழுக்கும் விசை 80 × 5 ÷ 2 = 200 கிலோ (5 என்பது கேட் அகலத்தில் பாதி; எடை அங்கேதான் மையம் கொள்கிறது). இடைவெளியை 3 அடியாக்கினால் 133 ஆகக் குறையும். அதனால் மேல்கீலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துங்கள். பிளாஸ்டிக் பிளக்கும் விரியும் போல்ட்டும் இந்தக் கல்லில் நிற்காது, கல் பொடிந்து துளை அகன்றுவிடும். தூணை முழுதாகத் துளைத்து 12 மி.மீ. போல்ட் கொடுத்து, மறுபக்கம் 4 அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து முறுக்குங்கள். மரத்தின் பக்கமும் ஸ்க்ரூ போதாது; போல்ட், பெரிய வாஷர்.

சட்டம் கோணியிருந்தால் நுனிக்கு அடியில் கார் ஜாக்கி வைத்து, மூலைவிட்டங்கள் சமமாகும்வரை மெல்ல உயர்த்துங்கள். இறுக்கும்போது கொஞ்சம் இறங்கும் என்பதால் கால் அங்குலம் கூடுதலாகவே தூக்கலாம். கழுந்து (ஒரு சட்டம் மற்றதன் துளைக்குள் நுழையும் முனை) உளுத்திருக்கிறதா என்று உளியால் குத்திப் பாருங்கள், குறிப்பாகக் கீல் பக்கக் கீழ்மூலையில். தண்ணீர் தங்கும் இடம் அது.

இனி குறுக்குக்கட்டை. பலர் தலைகீழாக அடித்துவிடுகிறார்கள். மரக்கட்டை அழுத்தத்தைத்தான் நன்றாகத் தாங்கும். ஆகவே கீல் பக்கக் கீழ்மூலையில் தொடங்கி மேலேறிப் போக வேண்டும். ஆனால் 10 அடியை ஒரே கட்டையால் கடந்தால் சாய்வு 22 டிகிரிதான் வரும், பலன் குறைவு. நடுவில் ஒரு நிற்கும் சட்டம் கொடுத்து, கட்டையை அதன் தலைவரை மட்டும் ஏற்றினால் 39 டிகிரி கிடைக்கும். இரும்புக்கம்பிக்குத் திசை நேரெதிர்: கீல் பக்க மேல்மூலையிலிருந்து நுனியின் கீழ்மூலைக்கு. 10 மி.மீ. கம்பியும் நடுவில் ஒரு டர்ன்பக்கிளும் (திருகிக் கம்பியை இறுக்கும் இணைப்பு) போதும். மெல்லிய கட்டுக்கம்பி வேண்டாம், அது நீளும், துருவும் பிடிக்கும். உங்கள் கேட்டுக்கு இரண்டையும் செய்வதே என் பரிந்துரை.

நுனியில் சக்கரம் மாட்டலாமா என்றால், அது ஓடும் வழிக்கு சிமெண்ட் பட்டை போட்டிருந்தால் மட்டும். செம்மண்ணில் மழைக்குப் பள்ளம் விழுந்து சக்கரம் சிக்கினால் கேட் முறுக்கிக்கொள்ளும்.

வேலையை மாசி, பங்குனியில் மரம் காய்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். சட்டங்களின் வெட்டுமுனைகளுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடியுங்கள், நீர் அதிகம் ஏறுவது அங்கேதான். முதல் மழைக்காலம் முடிந்ததும் மூலைவிட்டத்தை மறுபடி அளந்து, தேவையென்றால் டர்ன்பக்கிளை ஒரு சுற்று இறுக்குங்கள்.